இரண்டு மோட்டார், ஒரே குழாய்: எது எவ்வளவு தண்ணீர் தருகிறது?

கிணற்றில் ஒரு மோட்டார் ஓடுகிறது. அது போதாமல் போனதும் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு அதில் ஒரு நீர்மூழ்கி மோட்டாரை இறக்குகிறோம். மேட்டுத் தோட்டத்துத் தொட்டிக்குத் தனியாக இன்னொரு குழாய் பதிக்கச் செலவாகும் என்பதால், ஏற்கெனவே இருக்கும் மெயின் லைனிலேயே ஒரு 'டீ' வைத்துப் புது மோட்டாரையும் சேர்த்துவிடுகிறோம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கம் இந்த அமைப்பு இல்லாத ஊரைப் பார்ப்பது அரிது.

முதல் ஒன்றிரண்டு வருடங்களுக்குப் பிரச்சினை தெரியாது. பிறகு ஒரு கோடையில் தொட்டி நிரம்ப வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகும். எந்த மோட்டார் சோர்ந்துவிட்டது என்ற கேள்வி அப்போது எழும். பெரும்பாலானோர் செய்வது ஒரே சோதனைதான். இரண்டும் ஓடும்போது ஒன்றை நிறுத்திவிட்டு, தொட்டியில் விழும் தண்ணீர் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். குறைந்த அளவுதான் அந்த மோட்டார் கொடுத்த தண்ணீர் என்று முடிவு கட்டுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனையை நம்பி, நன்றாக ஓடும் ஆழ்துளை மோட்டாரைத் தூக்கி, காயில் கட்டி, இம்பெல்லர் மாற்றி, மறுபடி இறக்கிய பிறகும் தண்ணீர் கூடாமல் நிற்பவர்கள் பலர். இன்னும் சிலர் 'போர் வற்றிவிட்டது' என்று புதிதாக ஒன்று போடவே இறங்கிவிடுகிறார்கள்.

இந்தச் சோதனை ஏன் ஏமாற்றுகிறது என்பதை ஒரு கணக்கோடு பார்ப்போம்.

நிறுத்திப் பார்ப்பதில் உள்ள கோளாறு

உங்கள் கிணற்றில் 5 எச்.பி. ஓப்பன்வெல் நீர்மூழ்கி மோட்டார் இருக்கிறது. தண்ணீர் மட்டம் தரையிலிருந்து 15 மீட்டர் கீழே. ஆழ்துளைக் கிணற்றில் 7.5 எச்.பி. மோட்டார், அங்கே ஓட்டத்தின்போது மட்டம் 60 மீட்டர். இரண்டும் சேரும் இடத்திலிருந்து 75 மி.மீ. பி.வி.சி. குழாய் 400 மீட்டர் தூரம் போகிறது. தொட்டி 10 மீட்டர் மேட்டில் இருக்கிறது. இப்படி வைத்துக்கொள்வோம்.

கிணற்று மோட்டார் தனியாக ஓடினால் தொட்டியில் நொடிக்கு 5 லிட்டர் விழுகிறது. ஆழ்துளை மோட்டார் தனியாக ஓடினால் 3 லிட்டர். இரண்டும் சேர்ந்து 8 லிட்டர் வரவேண்டும் என்று நினைப்போம். வருவது 6.2 லிட்டர்தான். மீதி 1.8 லிட்டர் எங்கும் ஒழுகவில்லை. குழாயில் தண்ணீர் கூடும்போது உராய்வு அதைவிட வேகமாகக் கூடுகிறது. தண்ணீர் இரண்டு மடங்கானால் உராய்வு மூன்றரை மடங்குக்கும் மேல் போய்விடும். இந்தக் குழாயில் 5 லிட்டர் ஓடும்போது உராய்வில் போவது 10 மீட்டர் அளவு அழுத்தம். 6.2 லிட்டர் ஓடும்போது அது 15 மீட்டரைத் தாண்டுகிறது. அந்தக் கூடுதல் எதிர் அழுத்தத்தில் இரண்டு மோட்டாருமே தனியாக ஓடியதைவிடக் குறைவாகத்தான் தள்ள முடியும்.

இப்போது ஆழ்துளை மோட்டாரை மட்டும் நிறுத்திப் பாருங்கள். தொட்டியில் விழுவது 6.2-லிருந்து 5 லிட்டராகக் குறையும். 'ஆழ்துளை மோட்டார் தருவது 1.2 லிட்டர்தானா?' என்று தோன்றும். உண்மையில் அது தந்துகொண்டிருந்தது 2.7 லிட்டர். அதை நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் இறங்குகிறது. கிணற்று மோட்டார் தன் பங்கைக் கூட்டிக்கொண்டு இடைவெளியை நிரப்பிவிடுகிறது. 1.2-ஐ நம்பி மோட்டாரைத் தூக்கினால் கூலியும் கிரேன் வாடகையும் வீண்.

ஆக, தனியாக ஓட்டி அளந்தால் அதிகமாகக் காட்டுகிறது. நிறுத்திப் பார்த்தால் குறைவாகக் காட்டுகிறது. சேர்ந்து ஓடும்போது ஒவ்வொன்றும் தருவது எவ்வளவு என்பது இரண்டிலும் தெரிவதில்லை.

ஒரு கேஜும் ஒரு வால்வும் போதும்

ஒவ்வொரு மோட்டார் லைனிலும் தண்ணீர் மீட்டர் பொருத்தினால் வேலை எளிது. ஆனால் மீட்டர் சரியாகக் காட்ட அதற்கு முன்னும் பின்னும் வளைவு, வால்வு எதுவும் இல்லாத நேர்க்குழாய் வேண்டும். பொதுவாக முன்னால் குழாய் விட்டத்தைப் போல் 10 மடங்கு, பின்னால் 5 மடங்கு என்பார்கள். நம் கிணற்றடியில் டீ, எல்போ, வால்வு எல்லாம் அடுத்தடுத்து ஒட்டியிருக்கும். மணல் வரும் போர் என்றால் மீட்டரின் ஆயுளும் குறைவு. குழாய்க்கு வெளியே வைத்து அளக்கும் அல்ட்ராசோனிக் கருவி நல்லதுதான். தனி விவசாயி வாங்கும் விலையில் அது இல்லை.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பிரஷர் கேஜை வைத்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். நான் பரிந்துரைப்பது இந்த முறையைத்தான்.

ஒவ்வொரு மோட்டாரின் டெலிவரி குழாயிலும், நான் ரிட்டர்ன் வால்வுக்கு முன்னால், அதாவது மோட்டார் பக்கம், சாடில் வைத்து ஒரு சின்ன பால் வால்வு பொருத்துங்கள். சொட்டுநீர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அதில் கேஜைத் திருகிக்கொள்ளலாம். கிளிசரின் நிரப்பிய கேஜ் என்றால் முள் ஆடாது. இரண்டு கேஜ் வாங்குவதைவிட ஒரே கேஜை மாற்றி மாற்றிப் பொருத்துவது மேல். இரண்டு கேஜும் ஒன்றுபோலக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1 கிலோ பிரஷர் என்றால் 10 மீட்டர் உயரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் சேர்ந்த பிறகு, மெயின் லைனில் ஒரு கேட் வால்வு வேண்டும். கிணற்றடியில் இல்லையென்றால் தொட்டியில் தண்ணீர் விழும் இடத்தில் இருந்தாலும் போதும். அப்போது கேஜ் பார்க்க ஒருவர், வால்வு திருக ஒருவர், இடையில் செல்போன்.

முதலில் இரண்டு மோட்டாரையும் ஓட்டி, மட்டங்கள் இறங்கி நிலைப்பதற்காக அரை மணி நேரமாவது காத்திருங்கள். கேஜ் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் சுமார் 2.5 கிலோ. தொட்டியில் விழும் மொத்தத் தண்ணீரையும் அளந்துகொள்ளுங்கள்.

அடுத்து, கிணற்று மோட்டாரை நிறுத்தி அதன் வால்வையும் மூடிவிடுங்கள். ஆழ்துளை மோட்டார் மட்டும் ஓடும்போது கேஜ் 1.4 கிலோவுக்கு இறங்கும். இப்போது மெயின் லைன் வால்வை மெதுவாக மூடிக்கொண்டே வாருங்கள். ஆழ்துளை மோட்டாரின் கேஜ் மறுபடி 2.5 கிலோவைத் தொட்டதும் நிறுத்துங்கள். சற்றுப் பொறுத்து, தொட்டியில் விழுவதை அளங்கள். 2.7 லிட்டர் வரும். இரண்டும் சேர்ந்து ஓடியபோது ஆழ்துளை மோட்டார் தந்த தண்ணீர் இதுதான். வால்வைத் திறந்துவிட்டு, இதையே கிணற்று மோட்டாருக்கும் செய்தால் 3.5 லிட்டர் வரும். இரண்டையும் கூட்டினால் 6.2. முதலில் அளந்த மொத்தத்தோடு இது பொருந்தினால் உங்கள் அளவு சரி. பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ தவறு. திரும்ப அளக்க வேண்டும்.

இது எப்படிச் சரியாகிறது என்று கேட்கலாம். பம்புக்குத் தன் எதிரே நிற்பது மேடா, குழாய் உராய்வா, பக்கத்து மோட்டாரா, பாதி மூடிய வால்வா என்றெல்லாம் தெரியாது. அழுத்தம் மட்டுமே தெரியும். கீழே தண்ணீர் மட்டமும் மேலே அழுத்தமும் மாறாமல் இருந்தால், அது தள்ளும் தண்ணீரும் மாறாது. பக்கத்து மோட்டார் கொடுத்த எதிர் அழுத்தத்தை நாம் வால்வால் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. வால்வை எக்காரணம் கொண்டும் முழுக்க மூடாதீர்கள். ஆழ்துளை மோட்டார் அதிக உயரத்துக்குத் தள்ளக்கூடியது. தண்ணீர் வெளியேற வழியில்லையென்றால் அது 4 கிலோ, 6 கிலோ தரக் குழாய்கள் தாங்காத அழுத்தத்தை எழுப்பிவிடும். கேஜைப் பார்த்துக்கொண்டே, கால் சுற்று கால் சுற்றாக மூட வேண்டும்.

மூன்று மோட்டார்கள் சேர்ந்த லைனிலும் இதே முறைதான். ஒவ்வொன்றாகத் தனியே ஓட்டி, மூன்றும் சேர்ந்து ஓடியபோது அதன் கேஜ் காட்டிய அழுத்தத்துக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும்.

தண்ணீரை அளப்பது

சதுர அல்லது செவ்வகத் தொட்டி இருந்தால் அதைவிட நல்ல கருவி இல்லை. உள்ளளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் என்றால், மட்டம் 10 செ.மீ. உயர 600 லிட்டர் வேண்டும். சுவரில் இரண்டு கோடு போட்டு, செல்போனில் நேரம் பாருங்கள். 97 நொடியில் ஏறினால் 6.2 லிட்டர், 3 நிமிடம் 42 நொடி என்றால் 2.7 லிட்டர். அளக்கும் நேரத்தில் தொட்டியிலிருந்து வயலுக்குப் போகும் வாயை அடைத்துவிட மறக்காதீர்கள். 200 லிட்டர் டிரம்மிலும் அளக்கலாம், ஆனால் தண்ணீர் தெறித்து வெளியே போகும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

தொட்டி இல்லாமல் வாய்க்காலில் விழுகிறது என்றால், 90 டிகிரி வி-நாட்ச் தகடு வைக்கலாம். வெட்டின் அடிமுனைக்கு மேல் தண்ணீர் 8 செ.மீ. உயரம் நின்றால் நொடிக்கு 2.5 லிட்டர், 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர், 12 செ.மீ. என்றால் 6.9 லிட்டர். இதில் உயரத்தைத் தகட்டின் மேலேயே அளக்கக் கூடாது. தண்ணீர் அங்கே சரிந்துவிடும். இரண்டடி பின்னால் தள்ளி அளக்க வேண்டும். ஒரு செ.மீ. தவறினால் கணக்கு நான்கில் ஒரு பங்கு மாறிவிடும் என்பதால், தொட்டி இருப்பவர்கள் தொட்டியையே நம்புங்கள்.

எல்லா அளவுகளையும் ஒரே நாளில், வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் நேரத்தில் எடுத்துவிட வேண்டும். கிணற்றுக்குள்ளேயே போர் போட்டிருப்பவர்களுக்கு இன்னொரு கவனம் தேவை. அங்கே ஒரு மோட்டாரை நிறுத்தினால் மற்றதன் மட்டமும் ஏறக்கூடும். கயிற்றில் கல் கட்டி ஒவ்வொரு முறையும் மட்டத்தைக் குறித்துக்கொண்டால்தான் அளவுகளை ஒப்பிட முடியும்.

குற்றவாளி யார்?

அளவு கையில் கிடைத்த பிறகுதான் தீர்ப்பு. கிணற்று மோட்டார் 2.5 கிலோ அழுத்தத்தில் ஓடுகிறது என்றால், கேஜுக்கு மேலே 25 மீட்டர், கீழே மட்டம் வரை 15 மீட்டர், ஆக மொத்தம் 40 மீட்டர் உயரத்துக்கு அது தள்ளுகிறது. ஆழ்துளை மோட்டாருக்கு 25-ம் 60-ம் சேர்ந்து 85 மீட்டர். பம்பு வாங்கியபோது கொடுத்த அட்டவணையில் எத்தனை மீட்டர் ஹெட்டுக்கு எத்தனை லிட்டர் என்று இருக்கும். அட்டவணை தொலைந்திருந்தால் பெயர்ப்பலகையில் உள்ள மாடல் எண்ணைச் சொல்லி டீலரிடம் கேளுங்கள். அந்த உயரத்துக்கு அட்டவணை சொல்லும் தண்ணீர் கிட்டத்தட்ட வருகிறதென்றால் பம்பில் குறையில்லை. அதைத் தூக்க வேண்டாம்.

வெகுவாகக் குறைந்தால் மோட்டாரைத் தூக்கும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, சுற்றும் திசை. கம்பத்திலோ ஸ்டார்ட்டரிலோ வேலை நடந்தபோது ஃபேஸ் மாறிவிட்டால், மும்முனை மோட்டார் தலைகீழாகச் சுற்றும். அப்போதும் கொஞ்சம் தண்ணீர் வரும் என்பதுதான் இதில் உள்ள ஏமாற்று. ஸ்டார்ட்டரில் ஏதாவது இரண்டு வயர்களை மாற்றிப் போட்டு, எதில் கேஜ் அதிகம் காட்டுகிறதோ அதுவே சரியான திசை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்தே இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது, நான் ரிட்டர்ன் வால்வு. ஆழ்துளை மோட்டார் மட்டும் ஓடும்போது கிணற்று லைனின் கேட் வால்வைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை தொட்டித் தண்ணீரை அளங்கள். மூடியதும் தண்ணீர் கூடினால், அதுவரை ஏற்றிய தண்ணீரில் ஒரு பகுதி கிணற்றுக்கே திரும்பிக்கொண்டிருந்தது என்று பொருள். கிணற்றில் காது கொடுத்தால் விழும் சத்தமும் கேட்கும். வால்வின் ரப்பரை மாற்றுவதோடு முடியும் வேலை இது. மூன்றாவது, போருக்குள் இறங்கும் குழாயில் ஓட்டை. கரன்ட் வழக்கம்போல எடுத்துக்கொண்டு தண்ணீர் மட்டும் குறைந்தால் இதைச் சந்தேகிக்கலாம். இம்பெல்லர் தேய்ந்திருந்தாலும் இப்படி நடக்கும். இந்த இடத்துக்கு வந்த பிறகு தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

கரன்டைப் பற்றி ஒரு வார்த்தை. 'இந்த மோட்டார் குறைந்த ஆம்பியர்தான் எடுக்கிறது, நல்ல மோட்டார்' என்று பலர் மகிழ்கிறார்கள். நாம் பயன்படுத்தும் வகைப் பம்புகளில் தண்ணீர் குறையக் குறைய ஆம்பியரும் குறையும். தண்ணீரே தள்ளாமல் உள்ளேயே கலக்கிக்கொண்டிருக்கும் பம்பும் குறைந்த ஆம்பியர்தான் எடுக்கும். நம் உதாரணத்தில் கிணற்று மோட்டாரால் கேஜில் 3 கிலோவுக்கு மேல் தள்ள முடியாது. தொட்டிக்கு விடாமல் நேரடியாகச் சொட்டுநீர் லைனுக்கு விடுபவர்கள், ஒரே ஒரு சிறிய பகுதியை மட்டும் திறந்தாலோ ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, ஆழ்துளை மோட்டார் லைன் அழுத்தத்தை 3 கிலோவுக்கு மேல் ஏற்றிவிடும். கிணற்று மோட்டார் ஓடும், சத்தம் வரும், ஒரு சொட்டும் போகாது. அதன் கேஜ் 3 கிலோவில் நிற்க, பக்கத்துக் கேஜ் அதைவிட அதிகம் காட்டினால் இதுதான் நிலைமை.  நீர்மூழ்கி மோட்டார்கள் தங்களைச் சுற்றியுள்ள தண்ணீரால்தான் குளிர்கின்றன. போருக்குள் இருக்கும் மோட்டாருக்கு ஓடும் தண்ணீர் வேண்டும். அடிக்கடி காயில் போகும் மோட்டார்களில் சிலவற்றுக்கு இதுவே காரணம்.

பம்பில் குறையில்லை என்றால்

அப்போது குற்றவாளி பெரும்பாலும் குழாய்தான். ஒரு மோட்டாருக்காகப் பதித்த குழாயில் இரண்டு மோட்டாரின் தண்ணீரைத் திணிக்கிறோம். நம் உதாரணத்தில் 75 மி.மீ.க்குப் பதில் 90 மி.மீ. குழாய் போட்டால், அதே இரண்டு மோட்டார்கள் நொடிக்கு 6.2-க்குப் பதில் ஏறக்குறைய 7.8 லிட்டர் தரும். நான்கில் ஒரு பங்கு கூடுதல் தண்ணீர், எச்.பி. ஏற்றாமல். கடைக்காரர் பெரிய மோட்டார் வாங்கச் சொன்னால், இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். பெரிய மோட்டாரை இதே குழாயில் சேர்த்தால் அழுத்தம் இன்னும் ஏறி, பக்கத்து மோட்டாரின் பங்கு இன்னும் குறையும்.

தமிழகத்தில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் யூனிட் கணக்கு பார்ப்பவர்கள் குறைவு. ஆனாலும் களப்பணியாளர்கள் இதைப் பார்த்துச் சொல்வது நல்லது. கிளாம்ப் மீட்டரை ஒரே ஒரு வயரைச் சுற்றி மாட்டி ஆம்பியர் பாருங்கள். 415 வோல்ட், 7 ஆம்பியர், பவர் ஃபாக்டர் 0.8 என்று கொண்டால், 1.732 × 415 × 7 × 0.8, அதாவது சுமார் 4 கிலோவாட். கிணற்று மோட்டார் அதில் 3.5 லிட்டரை 40 மீட்டருக்குத் தள்ளுகிறது. லிட்டரையும் மீட்டரையும் பெருக்கி 102-ஆல் வகுத்தால் தண்ணீரில் சேர்ந்த சக்தி 1.37 கிலோவாட். எடுத்த மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் பயன்படுகிறது. தனியாக ஓடி 5 லிட்டர் தந்தபோது, 4.2 கிலோவாட் எடுத்ததாகக் கொண்டால், அதே மோட்டார் 41 சதவீதம் வரை பயன்படுத்தியது.

இதிலிருந்து தனித்தனியாக ஓட்டுவதே மேல் என்று முடிவெடுக்க வேண்டாம். மும்முனை மின்சாரம் சில மணி நேரம்தான் என்றால், சேர்ந்து ஓடினால்தான் அந்த நேரத்துக்குள் அதிகத் தண்ணீர் ஏறும். தண்ணீர்த் தேவை குறைவாக உள்ள மழைக்காலத்தில், அல்லது மின்சார நேரம் தாராளமாகக் கிடைக்கும் நாட்களில், ஒன்றை மாற்றி ஒன்றாக ஓட்டலாம். கிணற்றில் மட்டம் ஏறியிருக்கும்போது ஆழ்துளை மோட்டாருக்கு ஓய்வு கொடுத்தால் போரிலும் தண்ணீர் சேரும்.

இந்த அளவுகளை முதன்முதலில் எடுக்கச் சரியான நேரம் தை, மாசி. மட்டங்கள் இன்னும் அடியில் போயிருக்காது. பயிருக்கும் அவசரம் இருக்காது. தேதி, இரண்டு மட்டங்கள், கேஜ் அளவு, மூன்று தண்ணீர் அளவுகள், வோல்டேஜ், ஆம்பியர் எல்லாவற்றையும் ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் ஒட்டிவையுங்கள். சித்திரையில் தண்ணீர் குறைந்து மெக்கானிக்கைக் கூப்பிடும்போது அவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.